ரயில் வருமட்டும்

கென்னடி நிலையத்துக்குக் கிழக்கே, எக்ளின்ரன் வீதியில் இலகு ரயில் ஓடும் என்று எங்களுக்கு முதலில் சொன்னது 2007 மார்ச் மாதம். அப்போது ரொறன்ரோவின் மேயர் டேவிட் மில்லர். ‘ட்ரான்சிற் சிற்றி’ என்ற பெயரில் நகரம் ஏழு தடங்களை அறிவித்தது. அவற்றில் ஒன்று கென்னடியில் தொடங்கி, எக்ளின்ரன், கிங்ஸ்ரன், மோர்ணிங்சைட் வீதிகள் வழியே ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தைத் தொட்டு மல்வேர்ணுக்குப் போகவேண்டியது. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் இன்று அதே பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். பஸ்ஸில்தான் போய்வருகிறார்கள்.

இத்தனை ஆண்டுகளிலும் ஸ்காபரோத் தமிழர் மத்தியில் ரயில் வராத இடமில்லை. கலியாண மண்டபத்தில் வருகிறது. கோயில் அன்னதான வரிசையில் வருகிறது. வீடு விற்பனை முகவரின் வாயில் வருகிறது: “ரயில் வந்தால் இந்தப் பக்கம் விலை ஏறும், இப்பவே வாங்கிப் போடுங்கோ.” தேர்தல் காலத்தில் வீட்டு வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக் குலுக்குகிறது. வீதிக்கு மட்டும் வரவில்லை.

நான் ரயிலுக்கு எதிரானவள் என்று யாரும் எண்ண வேண்டாம். ரயில் வேண்டும், அதுவும் விரைவில் வேண்டும். நான் எதிர்ப்பது ‘ரயில் வருமட்டும்’ என்ற சொல்லை. ரயில் வருமட்டும் இருக்கிற பஸ்ஸோடு சமாளியுங்கள். ரயில் வருமட்டும் இந்தத் தரிப்புக்குக் கூரை எதற்கு, எப்படியும் உடைக்கத்தானே போகிறார்கள். ரயில் வருமட்டும் பொறுங்கள். இந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு தரிப்பில் நிற்பவர்கள் யாரென்று ஒருநாள் காலை ஆறு மணிக்கு எக்ளின்ரன், மார்க்கம் வீதிச் சந்தியில் போய்ப் பாருங்கள். முதியோரைக் குளிப்பாட்டப் போகிறவர்கள், அலுவலகம் கூட்டப் போகிறவர்கள், பிள்ளையைக் காப்பகத்தில் விடப் போகிறவர்கள், அந்தக் காப்பகத்தில் பிள்ளை பார்க்கப் போகிறவர்கள். பெரும்பாலும் பெண்கள்.

வீடு வைத்திருப்பவருக்குக் காத்திருப்பு ஒரு முதலீடு. ரயில் பிந்தினாலும் வீட்டின் விலை பிந்துவதில்லை. தரிப்பில் நிற்பவளுக்கோ காத்திருப்பு என்பது தினமும் அவளுடைய நித்திரையிலிருந்தும் சம்பளத்திலிருந்தும் கழிகிற நேரம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ‘சமூகத்தின் எதிர்பார்ப்பு’ என்று பேசுவதுதான் எங்கள் பொதுவாழ்வின் பெரிய பொய்.

மானத்துக்கு ஒரு சப்வே

மேயரை ‘நகரபிதா’ என்று எழுதுவது எங்கள் ஊடகங்களின் வழக்கம். இலங்கையிலிருந்து பெட்டியோடு கொண்டுவந்த சொல். 2023-இல் ஒலிவியா சௌ தெரிவானபோதுதான் அந்தச் சொல்லின் அபத்தம் பலருக்கு உறைத்தது. எனக்கு அது எப்போதுமே பொருத்தமாகத்தான் பட்டது. ஸ்காபரோவின் ரயிலுக்கு நடந்தது பிதாக்களின் சண்டை. வீட்டில் அப்பாமாரும் சித்தப்பாமாரும் மானத்துக்காக வழக்குப் பேசிக்கொண்டிருக்க, அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வேலை அம்மாவுக்கு விழுவதுபோல.

2010 டிசம்பர் 1ஆம் திகதி மேயராகப் பொறுப்பேற்ற முதல் நாளே ரொப் ஃபோர்ட் ‘ட்ரான்சிற் சிற்றி’ முடிந்தது என்று அறிவித்தார். வீதி கார்களுக்கு உரியது, ரயில் என்றால் அது நிலத்துக்குக் கீழே போகவேண்டும் என்பதே அவருடைய அரசியல். அப்போதைய மாகாண அரசு முழுச் செலவையும் ஏற்பதாகச் சொன்ன ஏழு நிறுத்த இலகு ரயில் ஒன்று இருந்தது. 1985 முதல் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்காபரோ ஆர்.ரி.க்குப் பதிலாக வரவேண்டியது. 2013 ஒக்ரோபரில் நகரசபை 24க்கு 20 என்ற வாக்குகளால் அதைக் கைவிட்டு, மூன்று நிறுத்தங்கள் கொண்ட சப்வேயைத் தேர்ந்தது. 2016 ஜனவரியில் ஜோன் ரோரியின் நிர்வாகம் மூன்றை ஒன்றாக்கியது. மிச்சமாகும் பணத்தில் எக்ளின்ரன் கிழக்கில் 17 நிறுத்தங்கள் கொண்ட இலகு ரயில் போடலாம் என்றார்கள். அந்த வாக்குறுதி ஆறு மாதமும் தாங்கவில்லை. ஒற்றை நிறுத்தச் சப்வேயின் மதிப்பீடு ஏறி, மிச்சம் என்று சொன்ன பணத்தைத் தின்றது. சப்வே நின்றது, இலகு ரயில் கடதாசியில் தங்கியது. பின்னர் டக் ஃபோர்டின் மாகாண அரசு சப்வேயைத் தன் கையில் எடுத்து மறுபடி மூன்று நிலையங்கள் ஆக்கியது. 7.8 கிலோமீற்றர். இன்னும் தோண்டுகிறார்கள்.

இதற்கிடையில் 2023 யூலை 24 மாலை, பழைய ஆர்.ரி.யின் கடைசிப் பெட்டி எல்ஸ்மியர் நிலையத்துக்கு அருகே தடம் புரண்டது. ஐந்து பேர் காயப்பட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த ரயிலை அவ்வாண்டு நவம்பரில் ஓய்வு கொடுத்து அனுப்புவதாக இருந்தது. அதற்கு முன்பே அது தானாகப் போய்ச் சேர்ந்தது, திரும்ப ஓடவேயில்லை. அன்று தொடக்கம் அந்தப் பயணிகளும் பஸ்ஸில். கென்னடியை விட்டுப் பார்த்தால் ஐந்து நிலையங்கள் இருந்த இடத்துக்கு, ஒருநாள், மூன்று நிலையங்கள் வரும்.

ஏன் இப்படி? ‘ஸ்காபரோவுக்கு சப்வே தகும்’ என்ற கோஷம்தான் காரணம். நகர மையத்தில் இருப்பவனுக்கு சப்வே, எங்களுக்கு ட்ராமா என்று கேட்டார்கள். இலகு ரயிலை இரண்டாந்தரப் பிரசைக்குப் போடும் மிச்சச் சோறாகக் காட்டினார்கள். புறக்கணிப்பு உண்மை, அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. எங்கள் ஆட்களும் கைதட்டினார்கள். எனக்கு அந்தப் பேச்சு முழுவதும் வேறொரு பேச்சாகவே கேட்டது. குடும்ப மானம், ஊர் மானம் என்று நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்ட அதே பேச்சு. மானத்தைச் சுமப்பது ஒருவர், அதைப் பற்றிப் பேசுவது இன்னொருவர். சப்வே வந்தால் ஸ்காபரோவின் தலை நிமிரும் என்றவர்களில் எத்தனை பேர் 116 மோர்ணிங்சைட் பஸ்ஸில் தினமும் ஏறினார்கள்?

மூன்று நிலையங்களுக்கும் ஏழு நிறுத்தங்களுக்கும் உள்ள வித்தியாசம் மானத்தில் தெரியாது. கால்நடையில் தெரியும். நிலையம் தூரமானால் அங்கே போக இன்னொரு பஸ் வேண்டும். அந்த பஸ்ஸுக்கு இன்னொரு காத்திருப்பு. தள்ளுவண்டியோடு வருபவளுக்கு, நான்கு பை சாமானோடு வருபவளுக்கு, முழங்கால் தேய்ந்த மாமியைக் கூட்டிக்கொண்டு வருபவளுக்கு, ஆழத்தில் இருக்கும் நிலையத்தில் மின்தூக்கி வேலை செய்யவில்லை என்றால் பயணம் அங்கேயே முடிந்தது. வீதி மட்டத்தில் ஓடும் ரயிலில் ஏற ஒரு படிகூட இல்லை. சுற்றிவரக் கடை, வெளிச்சம், ஆள் நடமாட்டம். இதெல்லாம் சபையில் பேசப்படாததற்குக் காரணம், பேசியவர்கள் தள்ளுவண்டி தள்ளாததுதான்.

நாங்கள் விட்டுவந்த நாட்டிலும் இதையே கண்டோம். மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ஜப்பானியக் கடனுதவியோடு இலகு ரயில் போடுவதற்கு 2019-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2020 செப்டெம்பரில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அதை நிறுத்தச் சொன்னார். அங்கே பஸ்ஸிலும் ரயிலிலும் 90 வீதமான பெண்களும் சிறுமிகளும் வாழ்நாளில் ஒருமுறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொன்னது. கைப்பையில் சட்டை ஊசி இல்லாமல் பஸ் ஏறாத தலைமுறை எங்களுடையது. ரயிலை நிறுத்தியவருக்கு அந்த ஊசி ஏன் என்று தெரிந்திருக்காது. அங்கும் இங்கும் ரயிலை அறிவிப்பவரும் நிறுத்துபவரும் அதில் ஏறாதவர்கள்.

ஒரு நாளில் ஐந்து பயணம்

நான் பதினொரு ஆண்டுகள் முதியோர் இல்லமொன்றில் பி.எஸ்.டபிள்யூ வேலை செய்தேன். முதியவரை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, உணவூட்டி, மறுபடி கிடத்தும் வேலை. காலை ஏழு மணி முறைக்கு ஏழு நிமிடம் பிந்திப் போனால் கால் மணி நேரச் சம்பளத்தை வெட்டுவார்கள். ஆகவே நாங்கள் எல்லோரும் அரை மணி முன்னதாகவே போய் நிற்போம். அந்த அரை மணிக்குச் சம்பளம் இல்லை. பதினொரு ஆண்டுகளில் அந்த அரை மணிகளைக் கூட்டினால் எவ்வளவு வரும் என்று ஒருமுறை கணக்குப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

என்னுடைய நாள் வேலைக்குப் போவதும் வருவதுமாக இரண்டு பயணத்தோடு முடிவதில்லை. வீட்டிலிருந்து பிள்ளைக் காப்பகம். காப்பகத்திலிருந்து வேலை. வேலையிலிருந்து மாமியின் மருந்தகம். அங்கிருந்து காய்கறிக் கடை. கடையிலிருந்து காப்பகம் போய்ப் பிள்ளையோடு வீடு. என் கணவர் காரில் போய்க் காரில் வந்தார். இருந்த ஒரு கார் அவருடைய வேலைக்கு. இதை நான் முறைப்பாடாகச் சொல்லவில்லை. எத்தனையோ வீடுகளில் அதுதான் ஒழுங்கு. யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல. கார் யாருக்கு என்ற கேள்வியே எழுவதில்லை.

ஸ்பெயின் நாட்டு நகரத் திட்டமிடல் அறிஞர் இனேஸ் சான்செஸ் டி மடரியாகா இந்தப் பயணங்களுக்கு ஒரு பெயர் கொடுத்தார்: பராமரிப்புப் போக்குவரத்து. போக்குவரத்துக் கணக்கெடுப்புகளில் வேலைப் பயணம் ஒரே தலைப்பின் கீழ்ப் பெரிதாகத் தெரியும். பிள்ளையை விடுவது, மருந்து எடுப்பது, சாமான் வாங்குவது, முதியவரைக் கூட்டிச் செல்வது எல்லாம் ‘கடை’, ‘சொந்த அலுவல்’, ‘ஏனையவை’ என்று சிதறிக் கிடக்கும். அவற்றை ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள், எவ்வளவு பெரிதென்று தெரியும் என்றார் அவர். சமையலறையில் செய்யும் உழைப்பு தேசிய வருமானத்தில் வராததுபோல, பஸ்ஸில் செய்யும் பராமரிப்பு உழைப்பும் கணக்கில் வருவதில்லை. கணக்கில் இல்லாதவளுக்குத் தடமும் இல்லை.

இது வெறும் கோட்பாடல்ல என்பதற்கு எங்கள் கையிலேயே சாட்சி உண்டு. 2018 ஓகஸ்ட் வரை ரி.ரி.சி.யின் மாற்றுச் சீட்டு ஒரே திசையில், இடையில் இறங்காமல் போகிறவருக்கு மட்டுமே செல்லும். வழியில் இறங்கிப் பால் வாங்கினால் மறுபடி கட்டணம். நேரே வேலைக்குப் போய் நேரே திரும்புகிற ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி அது. பின்னர் பிரெஸ்ரோ அட்டையில் இரண்டு மணி நேரம் எங்கும் ஏறலாம், இறங்கலாம் என்று வந்தது. ஒரு தண்டவாளமும் போடவில்லை, ஒரு சுரங்கமும் தோண்டவில்லை. விதியில் ஒரு வரி மாறியது. எங்களைப்போன்ற பெண்களின் பணப்பையில் அது உடனே தெரிந்தது.

சுவீடனின் கார்ல்ஸ்கூகா என்ற சிறு நகரத்தில் பனி அகற்றும் ஒழுங்கைப் பெண்களின் பக்கமிருந்து பார்த்த கதையும் பெண்நிலைவாதிகளிடையே பிரபலம். முதலில் பெருவீதி, கடைசியில் நடைபாதை என்று இருந்ததை மாற்றி, நடைபாதைக்கும் காப்பகம் போகும் வழிக்கும் முன்னிடம் கொடுத்தார்கள். பனி அதே பனிதான். ரொறன்ரோவில் பனி கொட்டிய மறுநாள், உழுவண்டி ஒதுக்கிய பனி மதிலுக்கு மேல் தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி பஸ் கதவை எட்டிய எவளுக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இரவு ஒன்பது மணிக்குப் பிறகு

1987 முதல் 1990 வரை, ஸ்காபரோவில் இரவில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடந்த இளம்பெண்களைப் பின்தொடர்ந்து ஒருவன் வன்புணர்வு செய்தான். பல ஆண்டுகள் பிடிபடவில்லை. பெண்கள் தனியே வெளியே போகவேண்டாம், இரவில் பஸ் ஏறவேண்டாம் என்று அறிவுரை சொல்லப்பட்டது. வேலைக்குப் போகும் பெண் இரவில் எப்படி வீட்டுக்கு வருவது என்று அறிவுரை சொன்னவர்கள் சொல்லவில்லை. பெண்கள் அமைப்புகள் வேறு வழி எடுத்தன. 1984-இல் தொடங்கப்பட்ட மெட்ராக் என்ற அமைப்பு ரி.ரி.சி.யோடும் பொலிசோடும் சேர்ந்து, எந்த நிலையத்தில் எந்த மூலை இருட்டு, எங்கே ஒருவன் ஒளிந்து நிற்கலாம் என்று பெண்களின் கண்ணால் நடந்து பார்த்துப் பதிந்தது. சப்வே மேடைகளில் வெளிச்சமும் பேசும் கருவியும் கமராவும் வைத்த காத்திருக்கும் இடங்கள் அந்த உழைப்பின் விளைவு. 1991-இல் வந்த இன்னொரு விளைவு, இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஐந்து மணிவரை, இரண்டு தரிப்புகளுக்கு நடுவே தன் வீட்டுக்குக் கிட்டிய இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஒரு பெண் கேட்கலாம் என்ற ஒழுங்கு. இன்று அது எல்லாப் பயணிகளுக்கும் உரியது. அது பெண்கள் போராடி வாங்கியது என்பது அநேகருக்குத் தெரியாது.

இப்போது ரயிலுக்கு வருவோம். இன்றைய எக்ளின்ரன் கிழக்குத் திட்டம் 18.6 கிலோமீற்றருக்கு 27 நிறுத்தங்கள். சராசரியாக 700 மீற்றருக்கு ஒன்று. பகலில் அது நல்ல திட்டம். இரவு பதினொரு மணி முறை முடித்து வருபவளுக்கு, அந்த இடைவெளியின் நடுவில் வீடு இருந்தால், ரயில் அவளுக்காக நிற்காது. ரயில் வந்த பிறகு அதே வீதியில் ஓடும் பஸ்ஸை எடுத்துவிட்டால், 1991-இல் வாங்கிய உரிமை அந்த வீதியில் சத்தமில்லாமல் போய்விடும். யாரும் பறித்ததாகவும் இருக்காது. ஆகவே, ரயில் வந்தாலும் இரவில் பஸ் வேண்டும் என்று இப்போதே எழுதி வாங்கவேண்டும்.

இலகு ரயில் என்று பெயர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 2025 டிசம்பரில் ஃபிஞ்ச் மேற்கு இலகு ரயில் திறந்தது. ஓடத் தொடங்கிய முதல் நாட்களிலேயே பஸ்ஸைவிட மெதுவாகப் போகிறது என்று மக்கள் கொதித்தார்கள். ஒரு முக்கிய காரணம் சந்தி விளக்கு. ரயில் நின்று, இடப்பக்கம் திரும்பும் கார்களுக்கு வழி விட்டது. ஒரு பெட்டி நிறைய ஆட்களைவிட, காரில் தனியே இருக்கும் ஒருவரின் நேரம் பெறுமதியானது என்று அந்த விளக்கை அமைத்தவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். யார் காத்திருப்பது என்பது இயற்கை அல்ல, ஒரு தீர்மானம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

விலை ஏறும்போது

2011-இல் தொடங்கிய எக்ளின்ரன் தடத்தை 2020-இல் திறப்போம் என்றார்கள். 19 கிலோமீற்றர், 25 நிலையங்கள். ஓடத் தொடங்கியது 2026 பெப்ரவரியில். அது கென்னடியோடு முடிகிறது. நாங்கள் அதற்கு அப்பால் இருக்கிறவர்கள்.

அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எக்ளின்ரன் மேற்கில் ‘லிட்டில் ஜமெய்க்கா’ என்று அழைக்கப்படும் கறுப்பின மக்களின் கடைத்தெருவுக்கு நடந்ததை நாங்கள் பாடமாகப் படிக்கவேண்டும். தலைமுடி அலங்கார நிலையங்கள், சாப்பாட்டுக் கடைகள், தையற்கடைகள். அவற்றில் பல பெண்கள் நடத்தியவை. வாசலில் ஆண்டுக்கணக்கில் வேலி போட்டுத் தோண்டியதில் வாடிக்கையாளர் வரவில்லை. பல கடைகள் மூடின. ரயில் வந்தபோது அதில் ஏறிக் கடைக்கு வர ஆட்கள் இருந்தார்கள், கடை இல்லை.

எங்கள் பக்கத்தில், எக்ளின்ரன் வீதியின் ‘கோல்டன் மைல்’ பகுதியில், பழைய கடைத்தொகுதிகள் இருந்த இடங்களுக்கு அடுக்குமாடிக் கோபுரங்களின் திட்டங்கள் வந்துவிட்டன. மார்க்கம் வீதிச் சந்தியைச் சுற்றியுள்ள பழைய வாடகை மாடிகளில் இருப்பவர்களையும், தமிழர் வீடுகளின் பேஸ்மென்ற் அறைகளில் இருப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளோடு தனியே வாழும் பெண், அடிக்கும் கணவனை விட்டு வந்தவள், ஊரிலிருந்து படிக்க வந்து மூன்று பேரோடு ஓர் அறையைப் பகிர்பவள். இவர்களுக்கு வாடகை ஒப்பந்தம்கூடக் கையில் இருப்பதில்லை. ‘ரயில் வந்தால் விலை ஏறும்’ என்று மண்டபத்தில் சந்தோஷமாகச் சொல்லப்படுவதை அவள் எப்படிக் கேட்பாள்? விலை ஏறினால் வாடகையும் ஏறும். பதினைந்து ஆண்டு தரிப்பில் நின்றவள், ரயில் வரும் ஆண்டில் பிக்கரிங்கிலோ ஏஜக்ஸிலோ இருப்பாள், இன்னும் தூரமான தரிப்பில்.

வீட்டுப் பத்திரம் யாருடைய பெயரில் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். எதிர்பார்ப்பின் இலாபம் பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கு. எதிர்பார்ப்பின் குளிர் மற்றவளுக்கு.

“கார் ஓடப் பழகுங்கோவன்”

இதையெல்லாம் சொன்னால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

முதலாவது: “கார் ஓடப் பழகுங்கோவன்.” ஓடலாம். காரும் காப்புறுதியும் பெற்றோலும் ஒரு பி.எஸ்.டபிள்யூ சம்பளத்தில் எவ்வளவு பங்கு என்று சொல்பவர் சொல்லட்டும். எண்பது வயது அம்மாவும் ஓடப் பழகவேண்டுமா? பதினாறு வயது மகள்? கண் தெரியாதவர்? பொதுப் போக்குவரத்து என்பது கார் இல்லாதவருக்குச் செய்யும் தர்மம் என்று நினைப்பவர்தான் இந்தப் பதிலைச் சொல்வார்.

இரண்டாவது: “பணம் இல்லை.” பணம் இருந்தது. ஏழு நிறுத்தத்துக்கு இருந்ததை வேண்டாம் என்றார்கள். 17 நிறுத்தத்துக்கு என்று சொன்னதை ஒற்றை நிறுத்தம் தின்றது. இல்லாமல் போனது பணமல்ல, எங்களுக்கு முன்னிடம் கொடுக்கும் எண்ணம்.

மூன்றாவது: “இதில் ஆண், பெண் என்ன இருக்கிறது? ஆண்களும் பஸ்ஸில் போகிறார்கள்.” போகிறார்கள். தொழிற்சாலை இரவு முறைக்குப் போகும் தம்பிமாரையும், கார் வாங்க வழியில்லாமல் படிக்கும் பெடியன்களையும் நான் தினமும் கண்டேன். பராமரிப்புப் பயணத்துக்குத் தடம் போட்டால் அவர்களும் அதில்தான் ஏறுவார்கள். பெண்களுக்கென்று வாங்கிய இரவு நிறுத்தம் எல்லோருக்கும் ஆனதுபோல.

உடனே செய்யமுடியாது என்பதும் பொய். 2020-இல், தொற்றுக் காலத்தில், நகரமே வீட்டுக்குள் இருந்தபோது ஸ்காபரோ பஸ்கள் மட்டும் நிறைந்து ஓடின. வீட்டிலிருந்து செய்யமுடியாத வேலைகளைச் செய்தவர்கள் அவற்றில் இருந்தார்கள். அந்த ஆண்டு ஒக்ரோபரில் எக்ளின்ரன் கிழக்கு, கிங்ஸ்ரன், மோர்ணிங்சைட் வீதிகளில் 8.5 கிலோமீற்றருக்கு பஸ்ஸுக்கு மட்டுமான சிவப்புத் தடம் வந்தது. ரயிலுக்கு என்று வரைந்த அதே வழி. பதின்மூன்று ஆண்டுப் பேச்சு செய்யாததை, மனம் வைத்தபோது, சில மாதங்களில் வர்ணமும் அறிவிப்புப் பலகையும் செய்தன.

2026 ஒக்ரோபரில் நகரசபைத் தேர்தல். வாசலுக்கு வருவார்கள், தமிழில் வணக்கம் சொல்வார்கள், எங்கள் பண்டிகைகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். சங்கங்களின் ஆண் தலைவர்கள் பக்கத்தில் நிற்பார்கள். கதவைத் திறப்பது பெரும்பாலும் நாங்கள்தான். “அவர் வீட்டில் இல்லை, பிறகு வாங்கோ” என்று அனுப்பாதீர்கள். நீங்களே கேளுங்கள்.

எக்ளின்ரன் கிழக்கு ரயிலுக்குப் பணம் எந்த ஆண்டு வரவுசெலவில், எத்தனை டொலர்? அது ஓடும்போது சந்தி விளக்கில் முதலில் போவது ரயிலா, திரும்பும் காரா? ரயில் வந்த பிறகும் இரவில் அதே வீதியில் பஸ் இருக்குமா? நிறுத்தங்களுக்கு அருகே இருக்கும் வாடகைக் குடியிருப்பாளரை வெளியேற்றாமல் காக்க என்ன செய்வீர்கள்? ரயில் வரும்வரை சிவப்புத் தடம் இன்னும் எந்த வீதிகளில்? இந்தத் தரிப்புக்குக் கூரையும் விளக்கும் இருக்கையும் எந்த மாதம்? கென்னடியில் இரவு பன்னிரண்டு மணிக்குத் திறந்திருக்கும் கழிவறை உண்டா? கடைசியாக, நீங்கள் 116-இல் எப்போது ஏறினீர்கள்?

பதில் சொல்லட்டும். பதில் ‘ரயில் வருமட்டும்’ என்று தொடங்கினால், அடுத்த வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.